உப்பு என்று சொன்னார்கள்

மற்றவர்களின் சோதனைக் குழாய்களில் மஞ்சள் லேசாக நிறம் மாறி நின்றுவிட்டது. சிவசங்கரியின் குழாய் மட்டும் ஆரஞ்சாகி, அதையும் தாண்டிச் சிவந்துகொண்டே போனது. காலையில் மரக்காணத்தில் பஸ் ஏறுவதற்கு முன், ஊசி குத்திப் பழகுகிறேன் என்று அண்ணன் மணிவண்ணனின் கையிலிருந்து எடுத்துவந்த ரத்தம் அது. டிஎம்எல்டி என்கிற லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டு வருஷம்தான். ஆனாலும் "சின்ன டாக்டருக்குப் படிக்குது" என்று அம்மா ஞானாம்பாள் உப்பளம் முழுக்க அளந்துவிட்டிருந்தாள்.

லேப் சார் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதே நிறம்.

"கிரியாட்டினின் எகிறியிருக்கு. யாரு சாம்பிள்மா? கிட்னி போயிட்டிருக்குது" என்றவர், வகுப்பின் பக்கம் திரும்பினார். "பேஷண்ட்டுகிட்ட இந்தப் பேரெல்லாம் சொல்லாதீங்க. ரத்தத்துல உப்பு ஏறியிருக்குன்னு சொல்லுங்க. நம்ம ஜனங்களுக்கு அப்பதான் புரியும்."

புரியத்தான் செய்தது. நன்றாகவே புரிந்தது. சுனாமிக்கு முந்தின கோடையில் அப்பா பாவாடையிடமும் டாக்டர் இதையேதான் சொன்னார். காலமெல்லாம் உப்புப் பாத்தியில் நின்ற மனுஷனுக்கு உப்பு ஏறாமல் வேறென்ன ஏறும்? வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதை, முதலில் உப்பு இறங்கட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். வாசலில் முக்காலி போட்டு அவரை உட்காரவைத்து, நல்ல தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். ஊற்றியது சிவசங்கரிதான். மூச்சு வாங்க, வீங்கின முகத்தோடு சிரித்துக்கொண்டு அவர் கேட்பார்: "இன்னொரு கொடம் ஊத்து பாப்பா. கொஞ்சம் எறங்கினாப்பல இருக்குது."

இறங்கவில்லை. அவர்தான் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் எங்கே கேட்டாலும் அந்தக் குரலும் கூடவே வந்துவிடும். லேபில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ ஈரத்தோடு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்; திரும்பவே மாட்டாள். இன்று தண்ணீரைத் திறந்துவிட்டுத் துணிந்து திரும்பினாள். யாருமில்லை. குரலும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. இத்தனை நாள் தன் கூடவே இருந்தவர் இப்போது அண்ணனிடம் போய்விட்டாரோ என்று நினைத்ததும் தண்ணீரைச் சட்டென்று மூடினாள்.

சாயங்காலம் மணிவண்ணன் உப்பள வேலை முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"என்னா பாப்பா, என் ரத்தம் என்னா சொல்லுது?"

நாக்கு நுனி வரை அந்தச் சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள். "கிட்னி கெட்டுப்போயிருக்குதுண்ணா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"அட போ! உப்பு வார்ற நேரத்துல மேஸ்திரி வுடுவானா? நீ இன்னும் பாஸே பண்ணல, அதுக்குள்ள வைத்தியமா?"

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "கிட்னின்னா? உங்கப்பாவுக்குச் சொன்னாங்களே, அந்த உப்பாடி?" அவள் கை அதற்குள் குடத்தைத் தூக்கிவிட்டது.

"உப்பு இல்லம்மா!" சிவசங்கரி கத்தியே விட்டாள். "அப்பாவுக்கும் உப்பு இல்ல. அது கிட்னி வெளிய தள்ளாம உள்ள சேர்ற அழுக்கு. மேல ஊத்தி எறக்கற சமாச்சாரமே இல்ல. அவங்க சொன்னது வேற, நாம புரிஞ்சிக்கினது வேற."

ஞானாம்பாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள்.

"அப்ப நாம ஊத்துனது?" என்றாள்.

அந்த ராத்திரி வீட்டில் சோறு அப்படியே கிடந்தது.

விடிந்ததும் யாரும் கூப்பிடாமலே மணிவண்ணன் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்து நின்றான். பஸ்ஸில் பாதி வழி போனதும் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி மறு முழங்காலின்மேல் வைத்து, வீங்கியிருந்த கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தான். குழி விழுந்தது.

"அப்பாவுக்கும் இப்டித்தான் வுழுந்துச்சா?"

பொய் சொல்லத்தான் ஆசையாக இருந்தது. "வுழுந்துச்சு" என்றாள்.

இருவரும் குனிந்து அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அனுமந்தையில் நின்று, கூடைக்காரிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. குழி இன்னும் நிரம்பவில்லை.