மூடுபனி இழுத்த இன்ஜின்

கொடைக்கானல் பஜாரில் பிச்சை முகம்மதுவின் விளையாட்டுச் சாமான் கடையில் ஓடிய பொம்மை ரயில்தான் ஊர் மூடுபனியைத் தினமும் பக்கத்துக் கிராமமான பள்ளங்கிக்கு அனுப்பிவந்தது. மிஷன் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்த ரயில் அது. வட்டத் தண்டவாளத்தை விட்டு எங்கும் போகாது. அது சுற்றச் சுற்ற, தெருப் பனி வந்து கடைசிப் பெட்டியில் மாட்டிக்கொண்டு இழுபட்டுப் போய்விடும். பள்ளங்கிப் பூண்டுக்குப் பனி தோதாக இருந்ததால் அங்கிருந்தும் புகார் வரவில்லை. பஜார்க்காரர்கள் கடை திறக்குமுன் "வண்டி கெளம்பிருச்சா?" என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

அந்த வண்டி, கடைக்காரர் மகள் சப்ரினின் நிக்காஹ் அன்று காலை நின்றுபோனது. பனி மலைப்பாதையில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. பழனியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் பெருமாள்மலையில் சிக்கியது. டிரைவருக்குத் தன் வைப்பரே தெரியவில்லையாம். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குள் வந்து சேர முடியாவிட்டால் நிக்காஹைத் தள்ளிவைப்போம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா போனில் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இந்தச் சம்பந்தத்தைத் தட்டிவிடக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அப்பாஸைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவள் சப்ரின். விடுவாளா? மருதாணி காயாத கையோடு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டாள்.

தண்டவாளத்தைத் துடைத்தாள், அசையவில்லை. இன்ஜினைக் கவிழ்த்துச் சக்கரத்தில் நேராக மின்சாரம் கொடுத்தாள். மோட்டார் ரீங்கரித்தது, சக்கரம் சுற்றவில்லை. அப்படியானால் கோளாறு நடுவில்! ஆவேசமாக அடிமூடியைக் கழற்றினாள். கிரீஸ் இருக்கவேண்டிய இடத்தில் யூகலிப்டஸ் தைல வாசனை மூக்கைத் துளைத்தது. பல்சக்கரம் விரிசல்விட்டு அச்சில் வழுக்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இதுல தைலமா ஊத்துனீங்க?"

"நேத்துலருந்து இருமிக்கிட்டே கெடந்துச்சுடி. சளி புடிச்சிருச்சுனு நெஞ்சுல தேச்சுவிட்டேன்" என்றாள் மதீனா பீவி. கொடைக்கானலில் எது இருமினாலும் தைலம்தான். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

செத்துப்போன சார்ஜரிலிருந்து மெல்லிய செம்புக்கம்பியை உருவி, பல்சக்கரத்தின் கழுத்தை இறுக்கிக் கட்டி, பசை வைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். வாசலில் பஜாரே மூச்சைப் பிடித்து நின்றது. இன்ஜின் ஓடியது, பின்னோக்கி! அவசரத்தில் மோட்டார் கம்பிகளை மாற்றி இணைத்திருந்தாள். பள்ளங்கியிலிருந்த பனியும் சேர்ந்து கடைக்குள் புகுந்தது. மேசை தெரியவில்லை, அம்மா தெரியவில்லை. சப்ரின் கையால் தடவி விசையை எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

பெட்டிகள் ஒரு குலுங்கு குலுங்கி முன்னேறின. பனி கதவோரமாக உரசிக்கொண்டு வெளியேற ஆரம்பித்தது. "பாதை தெரியுது, பாதை தெரியுது!" என்று வேனிலிருந்து போன் வந்ததும் தெருவே கூச்சல் போட்டது. சப்ரினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒட்டுப்போட்ட பல்சக்கரம் வேகம் கூடினாலும் குறைந்தாலும் வழுக்கும் என்பதால் அவள் வேகக் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. வேன் லுஹருக்குள் வந்து சேர்ந்தது. அத்தா பிச்சை முகம்மதுவும் சாட்சிகளும் கடைக்கே வந்து சம்மதம் கேட்டார்கள்.

"சம்மதம் அத்தா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பெட்டி தட்டிரும்."

பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து அப்பாஸ் மாலையோடு கடைக்கு வந்தான். ரயிலையும் அதன் பின்னால் போகும் பனியையும் சற்று நேரம் பார்த்தான். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் புடிச்சுக்கிறேன். நீ போயி சாப்பிட்டு வா."

சப்ரின் குமிழை அவன் விரல்களுக்கு மாற்றிவிட்டுப் பந்திக்குப் போனாள்.