ஆறு நாளும் பையில் கிடந்த கார்ட்

"கேட்டனான் அன்ரி. லீவு இல்லையாம்."

இந்த நான்கு சொற்களைச் சொல்வதற்காக அபிஷன் கோலியர்ஸ் வுட்டிலிருந்து குட்மேய்ஸ் வரை வந்திருந்தான். வழியெல்லாம் ஒத்திகை. மூர்கேற்றில் அது பன்னிரண்டு சொல்லாக இருந்தது; ஸ்ட்ராட்போர்ட்டில் ஏழாகி, மேனர் பார்க்கில் நான்கில் வந்து நின்றது. பொய்யென்றால் சுருக்கமாக இருக்கவேண்டும் என்பது, மூன்று வருடம் கட்டுரைகளைப் பிந்திக் கொடுத்து அவன் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்ட ஒரே பாடம்.

நகுலேஸ்வரி அன்ரி பட்டு வேட்டி ஒன்றை ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகன் றூபனுக்கு வாங்கிய வேட்டி. றூபனின் தங்கை தாரகாவுக்கு இன்னும் மூன்று கிழமையில் கலியாணம். பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று, மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, மாப்பிள்ளை கையால் மோதிரம் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சகோதரன் இந்து சமுத்திரத்தின் நடுவே ரியூனியன் தீவில், ஓர் எரிமலையின் அடிவாரத்தில், வீட்டுக் கூரைகளுக்குச் சூரியத் தகடு பூட்டிக்கொண்டிருந்தான்.

"கார்டைக் குடுத்தனியே?"

"ஓம் அன்ரி."

"கையிலை குடுத்தனியே?"

"கையிலைதான்."

கார்ட் அப்போது அபிஷனின் முதுகுப்பைக்குள், அன்ரியின் காலிலிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தது.

அன்ரி ஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். "பிழை என்னிலைதான். ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஃபோனிலை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் சொன்னது லண்டன் முழுக்கத் தெரிந்த வசனம். எமில்டா என்ற தீவுக்காரியோடுதான் வாழப்போகிறேன் என்று றூபன் அறிவித்தபோது, "அப்ப அந்த எரிமலையிலேயே கிட" என்றிருந்தார். எமில்டாவின் பாட்டன் பூட்டன் எல்லாம் கரும்பு வெட்டப்போன தமிழர்கள். எமில்டா தைப்பூசத்துக்குக் காவடியும் எடுப்பாள். ஆனால் தமிழில் ஒரு சொல் வராது. அன்ரிக்கு அது வெள்ளைக்காரியை விடப் பெரிய குழப்பமாக இருந்தது. வெள்ளைக்காரி என்றால் என்ன சொல்லித் திட்டுவது என்றாவது தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு தாயும் மகனும் கதைக்கவில்லை. அதனால்தான், அபிஷன் சிநேகிதனைப் பார்க்கத் தீவுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் அன்ரி அவனைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்களில் ஒருவன் விமானம் ஏறினால் அது பயணம் அல்ல, தபால் சேவை. ஒரு கிலோ மிளகாய்த்தூள், நான்கு மூலையிலும் குங்குமம் பூசிய கலியாணக் கார்ட். "கார்டைக் கையிலை குடுத்து, அம்மா வரச்சொன்னவ எண்டு சொல்லு. அதுக்கு மேலை ஒண்டும் கதைக்க வேண்டாம்."

மிளகாய்த்தூளை அபிஷன் முதல் நாளே, தீவின் விமான நிலைய வாசலில் வைத்தே கொடுத்துவிட்டான். மிளகாய்த்தூளுக்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கார்ட் அப்படியல்ல. காருக்குள் ஏறியதும் றூபன் சொன்னான்: "அம்மான்ரை கதை இண்டைக்கு வேண்டாம் மச்சான். வந்த களை ஆறு."

அந்த 'இண்டைக்கு' என்ற சொல்லை அபிஷன் தன் வசதிக்கு ஆறு நாளும் நீட்டிக்கொண்டான். கொடுத்தால் றூபன் கத்துவான், முகம் தூக்குவான், விடுமுறை பாழாகும். நாளைக்குக் கொடுக்கலாம். நாளைக்கு நல்ல இடம் பார்க்கப் போகிறார்கள். நல்ல இடத்தில் வைத்துக் கொடுப்பதுதான் மரியாதை.

இரண்டாம் நாள் சிலாவோஸ் மலைக்குப் போனார்கள். நானூறு வளைவு என்று றூபன் சொன்னான். நூற்றுப்பத்தாவது வளைவில் அபிஷன் எண்ணுவதையும் சாப்பிட்டதையும் ஒருங்கே கைவிட்டான். மழை வரும் போலிருந்ததால் றூபன் ஒரு மழைச்சட்டையை எடுத்து அவன் பைக்குள் வைத்தான். அதன்பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. வளைவுகள் அவனையும் பிடித்துவிட்டன என்று அபிஷன் நினைத்தான்.

நாலாம் நாள், எரிமலைக் குழம்பு வாசல்வரை வந்து இரண்டாகப் பிரிந்து விலகிப்போன தேவாலயத்தைப் பார்த்தார்கள். சுவரை ஒட்டி இன்னும் கருங்கல்லாக உறைந்து கிடந்தது. எமில்டா மெழுகுதிரி கொளுத்தப் போனாள்.

"ஆரும் ஏதும் சொல்லோணுமெண்டா இப்பிடியான இடத்திலை சொல்லலாம்," என்றான் றூபன்.

"ஓம். ஒரு படம் எடு மச்சான்," என்றான் அபிஷன்.

அன்று மாலையே வீட்டுக்குத் திரும்புவதாக இருந்தது. ஆனால் றூபன், "இன்னுமொரு இடம் கிடக்கு" என்று ஒரு நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போனான். அடுத்தநாள் வனிலாத் தோட்டம். அதற்கும் பிறகு இன்னுமொரு இடம். இந்தப் பெடியன் ஏன் லீவு போட்டுவிட்டு இப்படி அலைகிறான் என்று அபிஷன் வியந்தான். அன்பு என்று முடிவு செய்தான்.

ஆறாம் நாள் எரிமலை. புற்பூண்டு முளைக்காத சிவப்பு மணல்வெளியைத் தாண்டி, உறைந்த குழம்பின் மேல் மூன்று மணித்தியாலம் நடந்து, வாய்க்கு மேலே விளிம்பில் போய் இருந்தார்கள். எமில்டா தோடம்பழம் உரித்துத் தந்தாள். பைக்குள் இருந்த கார்டின் மூலை அபிஷனின் முதுகில் குத்தியது. அவன் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"வேறை?" என்றான் றூபன்.

"வேறை ஒண்டுமில்லை. சோக்கான இடம்."

றூபன் எரிமலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அன்றைக்கு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் அபிஷனுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

"அப்ப சரி," என்றார் நகுலேஸ்வரி அன்ரி, குட்மேய்ஸில். வேட்டியை நாலாக மடித்து அபிஷனின் மடியில் வைத்தார். சூடு இன்னும் ஆறவில்லை. "நீதான் தோழனா நிக்கோணும். நீயும் எனக்குப் பிள்ளை மாதிரித்தானே. கால் கழுவத் தெரியுமே?"

"தெரியும் அன்ரி," என்றான். அவனுக்குத் தன் காலைக் கழுவத்தான் தெரியும்.

வேட்டியோடு ஸ்டேஷனுக்கு நடந்தான். நல்ல மனிதன் ஒருவனாக இருந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பான். அபிஷன் பிளாட்பாரத்தில் நின்று, பொய்க்குச் சாட்சி தேடி றூபனுக்கு ஃபோன் எடுத்தான்.

"மச்சான், ஒரு சின்ன உதவி. அம்மா தப்பித்தவறி எடுத்தா, உனக்கு லீவு இல்லையெண்டு சொல்லு."

அந்தப் பக்கம் தவளைச் சத்தம் கேட்டது. "எதுக்கு லீவு?"

"தங்கச்சின்ரை கலியாணத்துக்கு. அது... கார்ட் ஒண்டு தந்துவிட்டவ. நான் தர மறந்து போனன்."

"நீ மறக்கேல்லை," என்றான் றூபன். "ரெண்டாம் நாள் மழைச்சட்டை வைக்கேக்கை கண்டனான். கவரிலை எமில்டான்ரை பேரும் கிடந்தது."

அபிஷன் பையைத் திறந்தான். மழைச்சட்டையின் ஈரம்பட்டு ஒரு மூலைக் குங்குமம் கரைந்து உறைமேல் ஓடியிருந்தது. நடுவில் அன்ரியின் சாய்ந்த எழுத்து: 'மகன் றூபன், மருமகள் எமில்டா.' ஆறு நாள் சுமந்தவன் அதை இப்போதுதான் வாசித்தான்.

"அப்ப ஏன்ரா நீ கேக்கேல்லை?"

"கலியாணத்துக்குச் சொல்லுங்கோ எண்டு கேட்டு வாங்கிறதே? உனக்கு விசரே?"

வீடு தேடி வந்து, கார்டைக் கையில் கொடுத்து, வாயால் 'வாங்கோ' என்று சொன்னால்தான் அழைப்பு. சொல்லாத கலியாணத்துக்குக் கூடப்பிறந்தவனும் வரமாட்டான்; வந்தால் அவனை வெட்கம் கெட்டவன் என்பார்கள். இது அபிஷனுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"நீ தருவாய் தருவாயெண்டு பாத்தன்," என்றான் றூபன். "அதுக்குத்தானேடா ஒவ்வொரு இடமாக் கூட்டிக்கொண்டு திரிஞ்சனான். எனக்கென்ன, நீர்வீழ்ச்சி பாக்க ஆசையே? எமில்டா தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலை லீவும் கேட்டு வைச்சவள்."

"மச்சான்..."

"கடைசியா நான் என்ன நினைச்சனான் தெரியுமே? அம்மா உன்னை எங்களைப் பாத்துவரத்தான் அனுப்பினவ. பிடிச்சாக் குடு, பிடிக்காட்டிக் கொண்டு வா எண்டு. நீ அவள் உரிச்ச தோடம்பழத்தையும் சாப்பிட்டுட்டு, குடுக்கத் தேவையில்லை எண்டு முடிவெடுத்தனி எண்டு." கொஞ்சம் பொறுத்து, "எமில்டாவும் அப்பிடித்தான் நினைக்கிறாள்," என்று வைத்துவிட்டான்.

ரயில் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போனது. அபிஷன் வேட்டியோடு அங்கேயே நின்றான். வாழ்க்கையில் எத்தனையோ பேரை அவன் கிண்டலடித்து அழ வைத்திருக்கிறான். ஒன்றும் சொல்லாமலே ஒருத்தியை இப்படிக் காயப்படுத்த முடியும் என்று தெரிந்திருக்கவில்லை. அந்தத் தோடம்பழம் இனிப்பாக இருந்தது என்றுகூட அவன் சொல்லவில்லை.

அவன் திரும்பிப் போய் மணி அடித்தபோது அன்ரி கதவைத் திறந்து, "என்ன தம்பி, குடையை விட்டிட்டியே?" என்றார்.

அவன் உறையை நீட்டினான்.

அன்ரி அதை வாங்கவில்லை. கரைந்த குங்குமத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"குடுக்கேல்லை அன்ரி. கேக்கவும் இல்லை. லீவு எண்டது பொய்."

"எத்தினை நாள் நிண்டனி?"

"ஆறு."

"ஆறு நாளும் அங்கை என்ன செய்தனி?"

இதற்கு அவன் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "இடம் பாத்தன் அன்ரி."

ஓர் அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அன்ரி சாமி அறைக்குள் போனார். புதுக் கார்ட் ஒன்றை எடுத்து, அதே இரண்டு பெயரையும் எழுதி, நான்கு மூலைக்கும் குங்குமம் பூசினார். அவசரப்படவில்லை. பிறகு தலைமயிரை ஒதுக்கி, சோபாவின் நுனியில் வந்து இருந்தார்.

"படத்தோடை எடு," என்றார். "நானே சொல்லுறன். இனி ஒருத்தரையும் நம்பிக் குடுத்துவிட ஏலாது."

அபிஷன் வீடியோ கோல் எடுத்தான். நான்காவது முறை மணி அடித்ததும் திரையில் றூபன் வந்தான், தோளுக்குப் பின்னால் எமில்டாவும். இரண்டு வருடத்துக்குப் பிறகு தாயைக் கண்டவன் முதலில் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டினான்.

அன்ரி கார்டை இரண்டு கையாலும் பிடித்துத் திரைக்கு நேரே நீட்டினார். "தங்கச்சிக்குக் கலியாணம். ரெண்டு பேரும் வரோணும். பிள்ளைக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு."

றூபன் பிரெஞ்சில் சொன்னான். எமில்டா கையெடுத்துக் கும்பிட்டு, தலையைத் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்தபடி ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் அன்ரி.

"இந்த முறை உண்மையாத்தான் சொல்லுறாவோ எண்டு கேக்கிறாள்." றூபன் திரையில் தாயை மட்டுமே பார்த்தான். "அம்மா, ஃபோனைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறவரிட்டைச் சொல்லுங்கோ, அவரோடை நான் கதைக்கிறேல்லை எண்டு."

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறான்," என்றார் அன்ரி. பிறகு அபிஷனைத் திரும்பிப் பாராமலே, "கையை ஆட்டாதை. பிள்ளையின்ரை முகம் தெரியேல்லை," என்றார்.

அபிஷன் மற்றக் கையாலும் ஃபோனைப் பிடித்துக்கொண்டான். அக்குளில் இடுக்கியிருந்த வேட்டி நிலத்தில் விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுக்கவில்லை.