எடித் சொல்லாத பெயர்

1.

என் தங்கைக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்க இருக்கிறது. "நீங்கள் எழுதுற ஆள்தானே அண்ணா, பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு நல்ல பேராய்ப் பாத்துத் தாங்கோ" என்றாள். பெயர் தேட உட்கார்ந்தவன் இந்தக் கதைக்குள் விழுந்துவிட்டேன்.

ஒரு பெயர் பொருந்துமா என்று அறிய, அதை ஒரு பிள்ளைக்கு வைத்துப் பார்க்க வேண்டும். தங்கையின் பிள்ளையில் பரீட்சை செய்ய எனக்குப் பயம். அதனால் மன்னார்த் தீவின் பேசாலையில், நூறு வருடங்களுக்கு முன், தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில வருடங்களுக்குள், ஒரு பிள்ளையைப் பிறக்க வைத்தேன். இப்போது அந்தப் பிள்ளைக்காகவும் பயப்படுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: வாடைக்காற்று ஓங்கி அடித்த ஒரு காலையில், பேசாலைக் கரையில்

(விட்டுவிட்டேன். காற்றைப் பற்றி எழுதிப் பிள்ளையிடம் போவதைத் தள்ளிப்போடுகிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: எடித்துக்குப் பிறந்த பிள்ளை அழவில்லை.

இது இருக்கட்டும்.

எடித், மீன்பிடிக்கிற அமிர்தநாயகத்தின் மனைவி. மூத்தவன் பெனடிக்ற். அடுத்துப் பிறந்த பெண் பிறந்த அன்றே மூச்சுக்குத் தவித்தது. மருத்துவிச்சி மதலேனாள் அன்னம்மா என்று பெயர் சொல்லி, அதன் தலையில் தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்தாள்.* ஊற்றி முடித்ததும் மூச்சு நின்றது. பெயரைச் சொன்னதால்தான் பிள்ளை போனது என்று எடித் நம்பிவிட்டாள். பெற்றவளிடம் போய் அது தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

* சுவாமியார் வருமுன் உயிர் போய்விடும் போலிருந்தால் யாரும் ஊற்றலாம். ஊற்றாமல் இறந்தால் கோயில் சவக்காலையில் அடக்கம் செய்ய இடமில்லை.

3.

இந்த மூன்றாவது பிள்ளையை வயிற்றில் சுமந்த மாதங்களில், பெண்ணாய்ப் பிறந்தால் வைக்க, எடித் பெயர்களை மனத்துக்குள்ளேயே நிறுத்துப் பார்த்தாள்.

ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குச் சாட்சி நிற்கும் ஞானத்தாயின் பெயரை வைப்பது ஊர் வழக்கம். ஞானத்தாயாக நிற்கப்போகிறவள் அமிர்தநாயகத்தின் அக்கா மாக்கிறட். அந்தப் பெயரை வைத்தால் ஊர் மாக்கி என்று சுருக்கிவிடும். பிலோமினா அழகுதான், ஆனால் கரையில் நின்று கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த வளவுக்கு ஓடிவிடும். செசிலி? பெனடிக்றும் செசிலியும் என்று சேர்த்துச் சொன்னால் நன்றாய்த்தான் இருந்தது. லூசியா அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்குத்தான் தயக்கம், இந்தக் காலத்து வாசகர் சிரித்துவிடுவார்.

செல்லப்பெயர் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். எடித் என்ற வெள்ளைக்காரப் பெயரை ஊர் எடி, அதாவது அடியே, ஆக்கிவிட்டது. கிணற்றடியில் யாராவது "எடி" என்றால் அங்கே நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் திரும்புவார்கள்.

(இந்தப் பகுதி நீண்டுவிட்டது. நீட்டியது நான்தான். அடுத்த பகுதிக்குப் போக எனக்கு மனமில்லை.)

4.

பிறந்தது பெண்தான். பால் எடுக்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. சுவாமியார் வங்காலைக்குப் போயிருந்தார், அவரைக் கூட்டிவர அமிர்தநாயகம் புறப்பட்டுப் போயிருந்தான். மதலேனாள் செம்பில் தண்ணீரோடு பாய்க்குப் பக்கத்தில் இருந்தாள்.

"பேரைச் சொல்லு பிள்ளை. ஊத்தவேணும்."

"நான் இன்னும் யோசிச்சு முடியேல்லை அக்கா."

"இனி என்னத்தை யோசிக்கப் போறாய்? பிள்ளையைப் பார்."

எடித் பார்க்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் ஊற்ற முடியாது, ஊற்றாவிட்டால் பிள்ளை சாகப்போகிற பிள்ளை இல்லை. அவள் கணக்கு அது. பிடிவாதம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதாகவே படுகிறது.

5.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதைக்காக ஒரு குருவானவரிடம் விசாரித்தேன். பெயர் இல்லாமலும் ஊற்றலாமாம். "பிள்ளையே, உன்னை" என்று தொடங்கினாலே ஞானஸ்நானம் செல்லும். அந்த அறையில் இருந்த யாருக்கும் இது தெரியாது. மதலேனாளுக்கு நான் இதைத் தெரிவித்தால் சவக்காலைக் கவலை தீர்ந்துவிடும். ஆனால் எடித்தின் கையிலிருந்த ஒரே தடுப்பும் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன். சரியா தவறா, இன்னும் தெரியவில்லை.

6.

அப்போது, அதுவரை சுவரோரம் நின்ற மாக்கிறட் முன்னுக்கு வந்தாள். தன் பெயரைத்தான் வைக்க வேண்டுமென்று மாதக்கணக்காய் ஒற்றைக்காலில் நின்றவள்.

"என்ர பேரைச் சொல்லி ஊத்துங்கோ. சாவு வாறதெண்டா அந்தப் பேரைத் தேடி என்னட்டை வரட்டும்."

"வேண்டாம் மச்சாள்," என்றாள் எடித். "உங்களுக்கும் பிள்ளையள் இருக்கு."

நான் முன்பு எழுதி வைத்த முடிவுகள் இரண்டு. ஒன்றில் சுவாமியார் படலையைத் திறந்து வருகிறார். மற்றதில் பிள்ளை வீரிட்டு அழுகிறது. இரண்டையும் கிழித்தேன். மாக்கிறட் அப்படிச் சொன்ன பிறகு அவை வெறும் சமாதானமாகத் தெரிந்தன.

எடித் பிள்ளையைத் தூக்கினாள். அதன் காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். பிறகு மதலேனாள் மடியில் கிடத்தினாள்.

"ஊத்துங்கோ."

"என்ன பேர்?"

"அவளுக்குச் சொல்லிப்போட்டன்."

பிள்ளைக்குப் பெயர் ஆகிவிட்டது, இனி ஊற்றலாம் என்று மதலேனாள் எடுத்துக்கொண்டாள். பிறகு செம்பைச் சரித்தாள். "பிள்ளையே, உன்னைப் பிதாவுடையவும் சுதனுடையவும்..." தண்ணீர் பிள்ளையின் நெற்றியிலிருந்து காதுப்பக்கம் வழிந்தது.

7.

அந்தப் பெயர் எனக்குக் கேட்கவில்லை. மூச்சு என்னவாயிற்று என்று எழுத மாட்டேன், நாலு தரம் கேட்டாலும். தங்கைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

வாசித்துக்கொண்டு வந்த உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கும். இருக்கட்டும், உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். இப்போது வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற வயது அவளுக்கு வரட்டும்.