வள்ளத்துக்குப் போடும் கட்டு

எத்தாளைக் கரையில் காற்று மாறிவிட்டது. இனி அங்கே வலை போட முடியாது. வாடி என்னும் ஓலைக் குடிசை அடித்துத் தங்கியிருந்த குடும்பங்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. நிக்கொலஸின் வாடிக்கு முன்னால் தாஹிரின் சின்ன லொறி நின்றது. வலைகள் ஏறின, அடுப்பு ஏறியது, தண்ணீர்ப் பீப்பாய் ஏறியது. கடைசியாக ஏறியது நிக்கொலஸின் தம்பி கிளைட்டனின் மோட்டார் சைக்கிள்.

அதில்தான் கிளைட்டன் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்பான். எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போனதில் இப்போது அது அசையவில்லை. அவர்கள் ஊரான முந்தலில் இருக்கும் மெக்கானிக்கிடம்தான் கொண்டுபோக வேண்டும். பலகை சாய்த்துத் தள்ளி ஏற்றினார்கள். முன்பக்கம் முழுக்க வலை. அதை மறுபடி யார் இறக்கி ஏற்றுவது என்று, பைக்கைப் பின்னால் பக்கப் பலகையோரம் சைட் ஸ்டேண்டில் நிறுத்திவிட்டார்கள். சோம்பல்தான், வேறென்ன?

நிக்கொலஸ் கயிறு எடுத்தார். கயிறு விஷயத்தில் அவரை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வள்ளத்தை நங்கூரத்தில் கட்டுகிற மாதிரியே பைக்கையும் கட்டினார். முடிச்சு நல்ல முடிச்சு. ஆனால் கயிறு தொங்கியது.

வள்ளத்தை இறுக்கிக் கட்டினால் அலை தூக்கும்போது கயிறு அறும், அல்லது வள்ளம் பிளக்கும். அதனால் கடல்காரன் எப்போதும் கயிற்றைக் கொஞ்சம் விட்டுத்தான் கட்டுவான். கடலில் அது புத்தி. லொறியில் என்ன அலையா அடிக்கிறது?

"அண்ணே, கயிறு தளந்து கிடக்குது," என்றான் தாஹிர். "சீட்டுக்குக் கீழ பாரம் இறுக்குற பெல்ட் இரிக்கு. பைக்க முன்னுக்குத் தள்ளி இறுக்கிப் போடுவமா?"

"தம்பி, பல்லு முளைச்ச நாள்ல இருந்து கயிறு பிடிக்கிறவன் நான். எனக்குக் கட்டப் படிப்பிக்கிறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தாஹிரின் முகம் சுருங்கிப் போனது. வயதில் மூத்தவர், வருஷா வருஷம் தன்னையே கூப்பிடுகிறவர், எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டான். நம்ம சனத்தைக் கெடுப்பதே இந்த முகத்தாட்சணைதான்.

"பயமெண்டா கிளைட்டன் பின்னுக்கு இருந்து பிடிச்சிக்கொண்டு வரட்டும்," என்றார் நிக்கொலஸ். "டேய், என்ன நடந்தாலும் பைக்க விட்டுராத, கேட்டியா?"

"ஓம் அண்ணே," என்று சிரித்தபடி பின்னால் ஏறினான் கிளைட்டன்.

கிளைட்டனின் மனைவி மெலனிக்கு அது பிடிக்கவில்லை. "அவர் எதுக்கு அத்தான் பின்னுக்கு?" என்று கேட்டாள். நிக்கொலஸ் அதற்குள் முன் கதவைத் திறந்துவிட்டார். அவள் முன் சீட்டில் தாஹிருக்கும் நிக்கொலஸுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள்.

நுரைச்சோலை தாண்டும் வரை அவள் கண் பின் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பைக் சாய்ந்தது. கயிறு தொய்ந்து, பிறகு சட்டென்று விறைத்தது. கிளைட்டன் தோளைக் கொடுத்து முட்டிக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது.

"நானா, லொறிய நிப்பாட்டுங்க. எனக்குப் பயமா இருக்கு," என்றாள் தாஹிரிடம். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தாஹிர் ஆக்ஸிலேட்டரில் இருந்த காலைத் தளர்த்தினான். அவன் நிக்கொலஸைப் பார்த்தான்.

"நீ போ தம்பி. வள்ளமும் இப்பிடித்தான் ஆடும். கரை சேராமலா போகுது?"

"முன்னுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை வருது. அதில நிப்பாட்டுறன் தங்கச்சி," என்றான் தாஹிர். இருவர் மனமும் நோகக்கூடாதாம்! கால் மறுபடி அழுத்தியது.

கடை வரவில்லை. கழுதைதான் வந்தது. உப்பளப் பக்கம் கழுதைகள் ரோட்டைத் தங்கள் முற்றமாக நினைத்துத் திரியும். ஒரு குட்டி திடீரென்று குறுக்கே ஓடியது. "யா அல்லாஹ்!" என்று தாஹிர் பிரேக்கை மிதித்தான்.

கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் பைக் தளர்ந்த கயிற்றின் நீளத்துக்கு முன்னே பாய்ந்தது. சைட் ஸ்டேண்ட் மடங்கியது. பைக் பக்கப் பலகைக்கு மேலால் வெளியே சரிந்தது. கைப்பிடியைப் பிடித்திருந்த கிளைட்டன் விடவில்லை. அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

மெலனி அலறியபடி இறங்கி ஓடினாள். நிக்கொலஸின் முடிச்சு அவிழவே இல்லை. பைக்கின் ஒரு பக்கம் லொறியோரம் கயிற்றில் தொங்கியது, மறுபக்கம் தரையில் ஊன்றி நின்றது. அதன் அடியில் கிளைட்டனின் வலது கால் நசுங்கிக் கிடந்தது. நிக்கொலஸ் முடிச்சில் பாய்ந்தார். பாரம் இழுத்து இறுகிய முடிச்சு அவர் நகத்துக்கு அசையவில்லை. விரலில் இரத்தம் வந்தது.

"முடிச்ச விடுங்க அத்தான்! வெட்டணும்!" மெலனி சாமான் மூட்டையைக் கிழித்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள்.

"பொறு தங்கச்சி, சும்மா வெட்டினா முழுப் பாரமும் கால்ல இறங்கும்!" தாஹிர் கீழே குனிந்து பைக்கைத் தோளில் ஏந்தினான். நிக்கொலஸும் ஏந்தினார். மெலனி அறுத்தாள். இருவரும் பைக்கை அப்பால் தள்ளிவிட்டார்கள்.

கிளைட்டன் கண்ணைத் திறந்தான். "அண்ணே... நான் பைக்க விடல்ல."

நிக்கொலஸ் ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த மனிதர் அழுது யாரும் பார்த்ததில்லை.

ஆசுப்பத்திரியில் காலைக் காப்பாற்றினார்கள். உள்ளே கம்பி வைத்தார்கள். கிளைட்டன் இப்போது நொண்டித்தான் நடக்கிறான்.

காற்று திரும்ப மாறி, எத்தாளைக்குப் போகும் நாள் வந்தது. முந்தலில் அவர்கள் வீட்டு வாசலில் அதே லொறி. இந்த முறை எல்லாவற்றுக்கும் முதலில் பைக் ஏறியது. முன் சக்கரம் முன்பலகையில் முட்டி நின்றது. இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு, முன் ஷொக் ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை நிக்கொலஸே இழுத்து இறுக்கினார். பின்னாலும் இரு பக்கம் கட்டினார். பிடித்து உலுக்கினார். லொறி ஆடியது, பைக் தனியாக ஆடவில்லை.

பக்கத்து வீட்டுக் கில்பட் பின்னால் தாவி ஏறினான். "நான் பிடிச்சிக்கொண்டு வாறன் அண்ணே."

"இறங்கடா!" நிக்கொலஸ் அவன் கையைப் பிடித்து இறக்கினார். "ஆள் பிடிச்சாத்தான் நிக்கும் எண்டா அது கட்டே இல்ல. சாமானக் கட்டுத்தான் பிடிக்கோணும், மனுசன் இல்ல. கடல்ல தெரிஞ்சவனுக்கு ரோட்டிலயும் எல்லாம் தெரியும் எண்டு நினைச்சன். அந்தப் பெருமைக்கு என்ட தம்பிதான் கால் குடுத்தான்." பிறகு தாஹிரிடம் திரும்பினார். "நான் ஏசினாலும் நீ சொல்லியிருக்கோணும் தம்பி."

"ஓம் அண்ணே. என்ட பிழையும்தான். லொறி என்டது, பாரமும் என்ட பொறுப்பு. இனி ஆர் கோவிச்சாலும், கட்டுச் சரியில்லாட்டி நான் எடுக்க மாட்டன்."

கிளைட்டன் கம்பை ஊன்றி முன் சீட்டில் ஏறினான். மெலனி ஏறுமுன் சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"என்ன தேடுறீங்க தங்கச்சி?" என்றான் தாஹிர்.

"அண்டைக்கு அந்தப் பெல்ட்டுக்கு மேலதான், நானா, நான் இருந்து வந்தன். இண்டைக்கும் கீழயே கிடக்கோ எண்டு பாத்தன்."