சண்டை இல்லாத பைப்படி

பேராச்சியக்காவின் மகள் தங்கமயில் சண்டையைப் பற்றிப் படித்த டாக்டர். எங்கள் சந்தில் அப்படித்தான் சொல்வோம். பொருளாதாரம் என்று அவள் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்துவிட்டாள். போர் நடந்த ஊர்களுக்குப் போய், துப்பாக்கி ஓய்ந்த பிறகு முதலில் கடை திறப்பது யார், எதிராளியிடம் முதலில் காய்கறி வாங்குவது யார் என்றெல்லாம் கேட்டு எழுதியவள்.

படிப்பு முடிந்து தாராவிக்குத் திரும்பியதும் எங்கள் பைப்படியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். காலையில் தண்ணீர் வரும் நேரம் அங்கே தினமும் பெரும் சண்டை. பேராச்சியக்காவும் எதிர்வீட்டு சாயிராவும்தான் தலைமை. ஆனால் பேராச்சியக்கா திட்டிக்கொண்டே சாயிராவின் குடத்தைக் காலால் முன்னே நகர்த்திவிடுவாள். சாயிரா கத்திக்கொண்டே பேராச்சியக்காவின் ஹண்டாப் பானையைத் தூக்கி அவள் இடுப்பில் ஏற்றிவிடுவாள். வாய் அதன் வேலையைப் பார்க்கும், கை அதன் வேலையைப் பார்க்கும். இந்தச் சந்தில் பெரிய கலவரம் எதுவும் மூளாததற்கு இதுதான் காரணம் என்று தங்கமயில் எழுதியிருந்தாள்.

நான் அந்தப் பைப்புக்கு நேர் மேலே மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். பை தைக்கிற வேலை. குடிவந்த புதிதில் என்னிடம் யாரும் பேசவில்லை. ஒருநாள் தெரியாமல் என் வாளியை வரிசைக்கு முன்னால் வைத்துவிட்டேன். பேராச்சியக்கா வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அன்று மத்தியானம் அவள் வீட்டிலிருந்து குழம்பு வந்தது. அதனால் தங்கமயிலின் கட்டுரையை நான் படிக்காமலே நம்பினேன்.

அவளுக்கு ஆராய்ச்சி வேலை கொடுக்க வேண்டிய பேராசிரியர் சுப்புலக்ஷ்மி நம்பவில்லை. பக்கத்தில் மாட்டுங்காவில் இருக்கும் தமிழ்க்காரர். நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றுவிட்டார். அந்த ஆராய்ச்சி வேலை கிடைக்காவிட்டால் தங்கமயில் ஏதாவது வங்கியில் கடன் பிரிவில் போய் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவள் முகம் தொங்கிவிடும்.

விளக்கிச் சொன்னால் நடிப்பார்கள் என்று அவள் வீட்டில் ஒன்றும் விளக்கவில்லை. “நாளைக்கு ஒரு மேடம் பைப்படியப் பாக்க வாராங்க. அவங்க கையிலதான் என் வேலை இருக்கு” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது. பேராச்சியக்கா வீடுவீடாகப் போய், நாளை ஒருத்தியும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்துவிட்டாள்.

காலையில் நான் எட்டிப் பார்த்தபோது எல்லாரும் தலைவாரி, நல்ல சேலை கட்டி நின்றார்கள். சாயிரா பெருநாளுக்கு எடுத்த சுடிதாரில் இருந்தாள். பேராசிரியர் ஓரமாக நின்றார். தண்ணீர் வந்தது.

“சாயிராம்மா, நீங்க பிடிங்க” என்றாள் பேராச்சியக்கா, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரலில்.

“ஐயோ, அதெப்படி? நீங்க பிடிங்கக்கா.”

“யாரு பிடிச்சா என்னம்மா? நீங்களே பிடிங்க.”

“பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி?”

‘பெரியவங்க’ என்றதும் பேராச்சியக்காவின் மூக்கு ஒருமுறை விடைத்து அடங்கியது. தண்ணீர் பாட்டுக்குச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

“ரொம்ப சாந்தமான எடமான்னா இருக்கு” என்றார் பேராசிரியர். “நீ எழுதினது எந்தப் பைப்பம்மா?”

தங்கமயில் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். சண்டை போடுங்கள் என்று அவள் வாயால் சொன்னால் கட்டுரையே பொய்யாகிவிடும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இறங்கிப் போய், எல்லாருக்கும் முன்னால், குழாய்க்கு நேர் கீழே என் வாளியை வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

பேராச்சியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். “பரவால்ல தம்பி, பிடிச்சுக்கிடுங்க.”

சாயிராவால் தாங்க முடியவில்லை. “என்னது, பரவால்லையா? ஏட்டி பேராச்சி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஏல, வாளிய எடுலே!”

“வாயத் தொறக்காதன்னு சொன்னேம்லா!”

“ஒன் பேச்சக் கேட்டுத்தான் பாதித் தண்ணி சாக்கடைக்குப் போச்சு!”

“பெரியவங்களாம்லா, பெரியவங்க! ஒனக்கும் எனக்கும் ரெண்டு மாசந்தாம்ட்டி வித்தியாசம்!”

சொல்லும்போதே அவள் கால் நீண்டு, சாயிராவின் குடத்தைக் குழாயடிக்குத் தள்ளியது. என் வாளி பின்னால் உருண்டது. பிறகு எல்லா வாயும் திறந்தன. குடங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர்ந்தன.

“ஏ மேடம், குறுக்க நிக்காதிய! அந்தக் குடத்தத் தூக்கி இங்க தாங்க! ஜல்தி!” என்று சாயிரா விரட்டினாள்.

பேராசிரியர் தூக்கிவிட்டார். பாதித் தண்ணீர் அவர் சேலையில்.

“இப்படியா சாச்சுப் பிடிக்கது? கொட்டுதுல்லா!” என்றாள் சாயிரா.

“நீங்க கைய நேரா நீட்டினா நான் ஏன் சாச்சுப் பிடிக்கப்போறேன்?” என்று பேராசிரியர் கத்தினார். கத்திக்கொண்டே, சாயிராவின் அடுத்த குடத்தைக் குழாயடியில் நகர்த்தி வைத்தார். தன் கையைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

தண்ணீர் நின்றது. சண்டையும் நின்றது. என் வாளி உட்பட எல்லாம் நிறைந்திருந்தன. யார் நிரப்பினார்கள் என்று தெரியவில்லை.

அப்போதுதான் பேராச்சியக்காவுக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். “மேடம், தினம் இப்படிக் கெடையாது. இன்னைக்கு என்னமோ... எம்மவ வேலையக் கெடுத்துராதிய.”

“தினம் இப்படி இல்லேன்னாத்தான் அவளுக்கு வேலை இல்லே.” பேராசிரியர் சேலையைப் பிழிந்தபடி தங்கமயிலைப் பார்த்தார். “ஒண்ணாம் தேதி வந்து சேந்துடு.”

தங்கமயில் கவிழ்ந்து கிடந்த ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“சண்டை போட்டதுக்கா வேலை?” என்றாள் பேராச்சியக்கா.

“பின்ன? நான் வாயத் தொறக்கலைன்னா ஒம்மவ இப்ப பேங்க்ல உக்காந்திருப்பா.”

“நீ தொறந்தியா? நான்லா தொறந்தேன்!”

தண்ணீரே இல்லாமல் அடுத்த சண்டை தொடங்கியது. நடுவில் பேராச்சியக்கா என் பக்கம் திரும்பினாள். “ஏல மாடிக்காரா, ஒனக்குக் கண்ணு பொடதியிலயா இருக்கு? யாரக் கேட்டு வாளிய முன்னால வச்ச?”

நான் தலையைக் குனிந்து, முழுசாகக் கேட்டுக்கொண்டேன். மத்தியானம் குழம்பு வந்தது. இந்தத் தடவை இரண்டு வீட்டிலிருந்தும்.