காற்றில் எழுதிய ட

தேனி மாவட்டத்தில் தொடக்கக் கல்வி உருப்படாமல் போனதற்கு ஒரே காரணம் ஆசிரியர்களின் தாராள மனசுதான் என்று சுரேஷ்கண்ணன் உறுதியாக நம்பினான். நம்பியதோடு நிற்கவில்லை. அனுமந்தன்பட்டிக்கு அடுத்த சிற்றூரில் இருந்த அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பு அதை அறிவித்தும் விட்டான்.

"வாத்தியாரு தன் காசுல சாக்பீஸ் வாங்குறது தர்மமில்ல டீச்சர், குத்தம். ஆபீஸ்ல இருக்கிறவுக என்ன நெனைப்பாக? சாக்பீஸ் அனுப்பல, ஆனாலும் பள்ளிக்கூடம் நடக்குது, அப்ப சாக்பீஸே தேவையில்லன்னுதான நெனைப்பாக? நீங்க வாங்குற ஒவ்வொரு டப்பாவும் கல்வித் துறைக்கு நீங்க குடுக்குற தூக்க மாத்திரை."

மேசையின் அந்தப் பக்கம் அனுசுயா டீச்சர் ஆக்சா பிளேடால் பென்சில்களை ரெண்டு ரெண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு பென்சிலை ரெண்டாக்கினால் ரெண்டு பிள்ளை எழுதும் என்பது அவர் கணக்கு. தலையைத் தூக்கவில்லை.

"சரிங்க சார். அந்தப் பென்சில இப்பிடித் தள்ளுங்க."

இதற்கு 'அரைப் பென்சில் அறக்கட்டளை' என்று சுரேஷ்கண்ணன் பெயர் வைத்தான். அறக்கட்டளையின் நிறுவனர் தலைமையாசிரியை ஜெபஷீலா. பள்ளியின் துடைப்பம், சுவரில் தொங்கும் உலகப்படம், சுற்றாவிட்டாலும் சத்தம் போடும் மின்விசிறி எல்லாமே அவருடைய சம்பளத்தில் பிறந்தவை. மின்விசிறி வாங்கிய மாதம் அவர் வீட்டுக்காரர் மூன்று நாள் பேசவில்லையாம். அதை ஒரு சாதனை போலச் சொல்வார்.

"என் பையில இருந்து ஒரு பைசா போகாது மேடம். வர்ற வரைக்கும் கேப்பேன்," என்றான் சுரேஷ்கண்ணன்.

"கேளுங்க தம்பி. நானும் வந்த புதுசுல கேட்டவதான்."

கேட்டான். பள்ளி மானியம் எப்போது வரும் என்று அலுவலகத்துக்கு போன் போட்டதில், ஏற்கெனவே கொடுத்த சாக்பீஸைப் பயன்படுத்தும் புகைப்படத்தை ஆப்பில் ஏற்றினால்தான் அடுத்தது வரும் என்று பதில் கிடைத்தது.

"ஏற்கெனவே எதுவும் வரலையே சார். இல்லாத சாக்பீஸ எப்பிடி போட்டோ எடுக்குறது?"

"அது ஒங்க திறமை சார்."

காலி டப்பாவைப் படமெடுத்து ஏற்றினான். படம் தெளிவாக இல்லை, மீண்டும் ஏற்றவும் என்று வந்தது. வெளிச்சத்தில் வைத்து எடுத்து ஏற்றினான். படத்தில் ஆசிரியர் இல்லை என்று வந்தது. டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஒன்று எடுத்து ஏற்றினான். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இதற்கிடையில் அவன் எடுத்த ஒன்றாம் வகுப்பின் கடைசிச் சாக்பீஸ் துண்டு நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, ஒரு நாள் பலகையில் கீச்சென்று கத்திவிட்டு முடிந்துபோனது. ஜெபஷீலா தன் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். சுரேஷ்கண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மறுநாள் அவனுக்கு ஞானம் பிறந்தது. விரல் இருக்கிறது, காற்று இருக்கிறது, இரண்டுக்கும் மானியம் வேண்டாம். பிள்ளைகளுக்கு எதிரே நின்று விரலை உயர்த்திக் காற்றில் பெரிதாக 'ப' போட்டான். இருபது விரல்கள் கூடவே போட்டன. சாயங்காலம் எல்லோரையும் மைதானத்து மண்ணில் எழுதச் சொன்னான். வரிசையாக இருபது 'ப'. ஒன்றில்கூடக் குறை இல்லை.

"பாத்தீகளா டீச்சர்? செலவில்லாக் கல்வி. நாட்டுக்கே வழி காட்டுறோம்."

"நல்லாத்தான் சார் இருக்கு," என்றபடி பென்சிலை அறுத்தார் அனுசுயா டீச்சர்.

அடுத்து 'ட'. அதிலென்ன கஷ்டம், ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்தில். இரண்டு நாள் காற்றில் போட்டுப் பழக்கிவிட்டு மண்ணுக்கு அழைத்துப் போனான். முதலில் உட்கார்ந்திருந்த அலி அக்பர் போட்டிருந்த 'ட' இடப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தது. பையன் அவசரத்தில் போட்டுவிட்டான் என்று அடுத்த பிள்ளையிடம் போனான். அதுவும் இடப்பக்கம். அதற்கடுத்ததும். ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருப்பான் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தான். நாலு மூலையிலும் 'ட' ஒரே கட்டுப்பாடாக இடப்பக்கமே திரும்பியிருந்தது.

சந்தேகத்தோடு விரலைத் தூக்கி மறுபடி போட்டுக் காட்டினான். எதிரே நின்ற முனீஸ்வரியின் விரல், கண்ணாடிக்குள் இருக்கும் பிள்ளையின் விரல் மாதிரி, இவன் போகும் பக்கத்துக்கே கூடவே வந்தது. அவளுக்கு அது இடப்பக்கம்.

சுரேஷ்கண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. 'ப' நல்லவன் போல நடித்து ஏமாற்றிவிட்டது. அது எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் 'ப'.

"இது தப்பு பாப்பா. இந்தப் பக்கம் போடணும்."

"நீங்க அங்கிட்டுத்தான சார் போட்டீக?"

"நான் இங்கிட்டுத்தான் போட்டேன்."

"இல்ல சார், அங்கிட்டு." முனீஸ்வரியின் உதடு பிதுங்கியது. "எங்க வீட்டுச் செவுருல செங்கல வச்சுப் போட்டேன். எங்கம்மா தெராட்சத் தோட்டத்து வேலைக்குப் போனவுகள எல்லாம் கூட்டியாந்து காட்டுச்சு."

அந்தச் சுவரை அவன் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமலே கண்ணுக்குள் நின்றது. இன்னும் ஒரு வாரம் போனால் இருபது கைகளிலும் அந்த எழுத்து இறுகிவிடும். அப்புறம் எந்த வாத்தியார் வந்து நிமிர்த்துவது?

பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று எழுதிப் பார்த்தான். திரும்பினால் அலி அக்பர் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான். சரி, எதிரே நின்றே இடவலம் மாற்றி எழுதுவோம் என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகினான். பழக்கம் ஓரளவு கைகூடியது. மறுநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்த ஜெபஷீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, இந்தக் கையெழுத்து எந்த பாஷை?" என்று கேட்டார்.

வகுப்பிலோ பாதிப் பிள்ளைகள் அங்கிட்டும் பாதிப் பிள்ளைகள் இங்கிட்டுமாகப் பிரிந்து, எது நிஜ 'ட' என்று அடித்துக்கொண்டன.

சனிக்கிழமை சுரேஷ்கண்ணன் பஸ் ஏறினான். உத்தமபாளையத்தில் இறங்கவில்லை. அங்கே கடைக்காரர் அனுசுயா டீச்சரின் ஊர்க்காரர். கம்பத்திலும் இறங்கவில்லை. அங்கே ஜெபஷீலாவின் சபை ஆட்கள். கூடலூரில் இறங்கி, குமுளி போகும் ஜீப்புகளுக்குப் பின்னால் மறைந்து நடந்து ஒரு ஸ்டேஷனரி கடைக்குள் நுழைந்தான்.

"சாக்பீஸ் இருக்கா பாய்?"

கடைக்காரர் கலீல் ரஹ்மான் ஏணியில் நின்றபடி திரும்பினார். "எந்த ஸ்கூலு சார்?"

"ஸ்கூல் இல்ல. வீட்டுக்கு."

"வீட்டுக்கா?"

"கோலம் போட."

"மார்கழிக்கு இன்னும் நாள் கெடக்கே சார்."

"பழகணும்ல."

"அதுவும் சரிதான். வேறென்ன வேணும்?"

"பென்சில் பத்து."

"கோலத்துக்கா?"

சுரேஷ்கண்ணன் ரோட்டைப் பார்த்தான். கலீல் ரஹ்மான் டப்பாக்களை இறக்கித் தூசி தட்டினார்.

"போன வாரம் ஒரு டீச்சர் வந்தாக. அவுகளும் வீட்டுக்குன்னுதான் வாங்குனாக. இங்கன வர்ற வாத்தியாருக அம்புட்டுப் பேருக்கும் வீட்டுக்குத்தான். வாத்தியார் வெலையே போடுறேன் சார். பில்லு வேணுமா?"

"வேணாம்."

திங்கட்கிழமை எவரும் வருமுன்னே பள்ளிக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பலகையின் பாதி இடத்தை அடைத்து ஒரு 'ட' போட்டான். வலப்பக்கம் பார்த்த 'ட'. அழுத்தியதில் சாக்பீஸ் ரெண்டு தடவை ஒடிந்தது.

வாசலில் ஸ்கூட்டி நின்றது. அனுசுயா டீச்சர் எட்டிப் பார்த்தார். முதலில் பலகையை, பிறகு அவன் சட்டைக் கையில் அப்பியிருந்த வெள்ளையை.

"ஆபீஸ்ல இருந்து வந்திருச்சா சார்?"

"ம்."

"போட்டோ நல்லா வந்திருக்கும் போல."

"ம்."

அவர் போய்விட்டார். சுரேஷ்கண்ணன் பைக்குள் கையை விட்டான். பென்சில் பத்து, பிள்ளை இருபது. பென்சிலையும் பிள்ளைகள் உட்காரும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய், மேசையில் கிடந்த ஆக்சா பிளேடை எடுத்து வந்தான்.

மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே வந்தபோது மேசை முழுக்க மரத்தூள். முனீஸ்வரி பலகையைப் பார்த்துக் காற்றில் ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

"சார், இங்கிட்டா?"

"இங்கிட்டுத்தான் பாப்பா," என்றான் சுரேஷ்கண்ணன். பாதி அறுந்த பென்சில் கையில் இருந்தது. தலையைத் தூக்கவில்லை.