காலா, காதா

என் இடது காது பேருக்குத்தான் காது. அச்சகத்தில் காகிதம் மடிக்கும் மெஷினை ஒட்டி எனக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். வருஷக்கணக்கில் அது கடகடவென்று அடித்து இடது காதைத் தின்றுவிட்டது. வீட்டில் இது கணவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் மறைத்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை, வசதி. மாமியார் புராணத்தை எடுத்தால் இடப்பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துவிடுவேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடும் சிரமம் மற்றவர்களுக்கு. எனக்கு வாங்குகிற வேலையே கிடையாது.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, அதே வீட்டில் மாடியில் இருக்கிறாள். வேலை கால் சென்டரில். நாள் முழுக்க யார் யாருக்கோ பதில் சொல்லிவிட்டு வந்தும் அவளுக்குப் பேச்சு மிச்சம் இருக்கும். வீடு, வேலை இரண்டையும் விட்டு எனக்கென்று இருந்தது காலை ஓட்டம் ஒன்றுதான். அதிலும் ஒருநாள், "நானும் வரேன்க்கா" என்று புது ஷூவோடு வந்து நின்றாள். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் ஓடுவது ஏரியைச் சுற்றிப் போகும் சாலையில். ஏரிப் பக்கத்து ஓரம் தண்ணீரைப் பார்த்துச் சரிந்திருக்கும், மறுபக்கம் சமதரை. எப்போதும் ஏரியை வலப்பக்கம் வைத்தே ஓடுவோம். முதல் நாளே அவளை என் இடப்பக்கம் சமதரையில் விட்டுவிட்டு நான் சரிவை எடுத்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு அது என் பெருந்தன்மை. உண்மையில் அவள் வாய்க்கு நேராக என் செவிட்டுக் காதை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. அவள் பேசுவாள். நான் ஏரியையும் கொக்குகளையும் பார்த்தபடி ஓடுவேன். அவ்வப்போது 'அப்படியா', 'அடடா', 'அதானே' என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவேன்.

அப்புறம் வலது காலில் வலி வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கமாக. ஆரம்பத்தில் ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் போய்விடும். பிறகு ஓடி முடித்தாலும் போகவில்லை. தைலம் தேய்த்தேன், ஷூவை மாற்றினேன், வலியை மென்று விழுங்கிக்கொண்டு ஓடினேன். கடைசியில் வீட்டுப் படி ஏறவே கைப்பிடி தேவைப்பட்டபோதுதான் பிசியோதெரபி டாக்டரிடம் போனேன்.

அந்த அம்மாவுக்குக் கட்டைவிரல் இரும்பால் செய்தது. எலும்போரமாக ஒரு அழுத்து அழுத்தியதில் நான் கட்டிலிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். எங்கே ஓடுகிறேன், எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று கேட்டார். ஏரியோரம் என்றேன்.

"சரிவுல ஓடி ஓடி இந்த ஒரு கால்தான் அடி வாங்கியிருக்கு. இப்படியே போனா எலும்புல விரிசல் விட்டுடும். அப்புறம் ஓட்டத்தையே மறந்துட வேண்டியதுதான்."

ஐஸ் வைக்கச் சொன்னார், கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுத்தார், வலி போகும்வரை நடை மட்டும் என்றார். பிறகு ஓடலாம், சமதரையில் மட்டும்.

நடை நாட்களில் கால் வலியைச் சாக்கு வைத்து வீட்டு மொட்டைமாடியில் தனியாகவே நடந்தேன். நடந்தபடி யோசித்தது ஒன்றைத்தான். நான் சமதரைக்கு வந்தால் அவள் என் வலப்பக்கம் போவாள், நல்ல காதின் பக்கம். காலா, காதா? ஓட்டத்தை விட்டால் எனக்கென்று எதுவும் மிஞ்சாது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தேர்ந்தெடுத்தேன்.

திரும்பப் போன முதல் நாள், மெதுவாகத்தான் ஓடினோம். டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பக்கம் மாறிக்கொண்டேன். வெள்ளம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. மூச்சு வாங்கும் சத்தமும் ஷூ சத்தமும்தான். மறுநாளும் அப்படியே. நானாகப் பேச்சுக் கொடுத்தேன். வெயில் ஏறுது என்றாள், நாய் பார்த்து வாங்க என்றாள். அதோடு சரி.

கால் தேறிக்கொண்டே வந்தது. எனக்கோ மண்டை வெடித்துவிடும்போல் இருந்தது. சரிவில் தள்ளிவிட்டேன் என்று கோபமா? ஏரிக்கரை பெஞ்சில் கெண்டைக்காலை இழுத்துவிடும்போது கேட்டே விட்டேன்.

"ஏன்மா பேச்சே காணோம்?"

அவள் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"இந்தப் பக்கம் உங்களுக்குக் கேக்குமேக்கா."

குட்டு உடைந்ததும் எனக்கு முகம் சூடேறிவிட்டது. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"வந்த புதுசுலயே. வேலைய விட்டுட்டு எங்கேயாவது ஓடிப்போயிடலாம் போல இருக்குன்னேன். 'அதானே'ன்னு சிரிச்சீங்க."

"அப்புறமும் ஏன் பேசின?"

"ஆபீஸ்ல எழுதிக் குடுத்தத பேசறேன். வீட்ல அவங்கவங்களுக்குப் புடிச்சத பேசறேன். எனக்குத் தோணினத பேச அந்த ஒரு காதுதான்க்கா இருந்துச்சு."

அப்படி என்னதான் பேசினாய் என்று வாயைக் கிளறிப் பார்த்தேன். பாதி உங்களைத் திட்டினதுதான் என்றாள், கொஞ்சமும் கூசாமல். மீதியைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை நாளும் ஏமாற்றுவது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

மறுநாள் நான் எதுவும் சொல்லாமல் எதிர்த்திசையில் திரும்பி நின்றேன். இப்போது ஏரி எங்கள் இடப்பக்கம். நான் சமதரையில், அவள் என் இடப்பக்கம், சரிவில். அவள் ஏரியைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். முதல் வளைவுக்குள்ளேயே மடை திறந்துவிட்டது. நான் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு 'அடடா' போட்டேன்.

சில வாரங்களில் அவள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதைப் பார்த்தேன். இடது கால். நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கட்டைவிரல் அழுத்தியது, அவளும் பாதி எழுந்தாள். எந்தப் பக்கம் ஓடுறீங்க என்று கேள்வி வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் காது விஷயத்தை உடைத்தேன். வலி தீர்ந்ததும் ஒருநாள் இந்தத் திசை, மறுநாள் அந்தத் திசை, ஒருநாள் என் கால், மறுநாள் அவள் கால் என்று பங்கு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"எதுக்கு இவ்வளவு சிக்கல்? ரெண்டு பேரும் சமதரையில ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஓடினா போதுமே."

"முடியாது," என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

வெளியே வந்ததும் அவள் நொண்டியபடி என்னைச் சுற்றி வந்து இடப்பக்கம் சேர்ந்துகொண்டாள். தெரு முனைவரை ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது, 'அக்கா' என்று. திட்டா இல்லையா தெரியவில்லை.

"அதானே," என்றேன்.